அச்சமும் நகையும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லை வட்டாரப் பேய்க்கதை கூறலில் பெயரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பேய்க்கதைகள் நாட்டார் வழக்காற்றியலில் பெரும்பாலும் நம்பிக்கை என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. அச்சத்தோடு கூறப்படுவனவே பனுவல்களாகக் கொள்ளப்பட, வேடிக்கையாகக் கூறப்படுவன துணுக்குகளாக ஒதுக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே கூறல் நிகழ்வின் இரு முகங்கள் என்பதையும், கதையில் பெயர் யாருக்கு வழங்கப்படுகிறது என்பதே ஒரு கூறல் அச்சத்தின் பக்கம் நிற்கிறதா நகையின் பக்கம் நிற்கிறதா என்பதைக் காட்டுகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கன்னடப் பகுதியில் 1990களில் பரவிய ‘நாளே பா’ வழக்கு, தமிழ் இலக்கியச் சான்றுகள், சாமல்பட்டி வட்டாரக் கூறல் முறை ஆகியன இதற்கு அடிப்படையாகின்றன.

திறவுச்சொற்கள்: பேய்க்கதை, மெய்ப்பாடு, அணங்கு, மடன், நாளே பா, எல்லைப்புற வழக்காறு

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையின்மேல் அமைந்த ஊர் சாமல்பட்டி. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் மாவட்டம் இது. தருமபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானபின், இவ்வட்டாரத்து இளைஞரும் பெண்களும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைதேடிச் செல்வது வழக்கமாயிற்று. ஊரில் கேட்ட கதை விடுதிக்கும், விடுதியில் கேட்ட கதை ஊருக்கும் பயணம் செய்கின்றன. பேய்க்கதைகளும் அவற்றுள் அடங்கும்.

இவ்வட்டாரத்தில் ஒருவரிடம் “பேய் உண்டா?” என்று நேராகக் கேட்டால் “அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். விடை முடிந்து சற்றுப் பொறுத்தால், “ஆனா எங்க சித்தப்பா ஒருதரம்…” என்று கதை தொடங்கும். மறுப்பு முன்னே வருவதும் கதை பின்னே வருவதும் முரண் அல்ல. அம்மறுப்பு கதைக்குக் கட்டப்படும் திண்ணை எனலாம். பழமரபுக்கதை நிலைபெறக் கூறுவோரும் கேட்போரும் அதனை நம்பியாக வேண்டும் என்பதில்லை. நம்புவோர், ஐயுறுவோர், மறுப்போர் ஆகிய எல்லோரும் கூடி விவாதிப்பதிலேயே அது வாழ்கிறது என லிண்டா தேக்கும் ஆண்ட்ரூ வாசோனியும் 1970களில் வாதிட்டனர். நம் தொகுப்புகளோ மறுத்தவரின் குரலை விட்டுவிட்டு நம்பியவரின் கதையை மட்டும் அச்சிடுகின்றன. வழக்காறு நம்பிக்கைப் பட்டியலாகச் சுருங்கிவிடுவது இதனால்தான்.

அணங்கும் மடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறுகிறது. அணங்கு என்பதனுள் பேயும் பூதமும் அடங்கும் எனப் பேராசிரியர் உரை விரிக்கும். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் களன்கள். நூற்பா அமைப்பில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்கின்றன. அணங்கிலிருந்து நகை பிறக்குமா என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் இலக்கியமும் வழக்காறும் அவ்வினாவை ஓயாது எழுப்புகின்றன.

கலிங்கத்துப்பரணி இதற்கு முதற்சான்று. போர்க்களத்தில் கூழட்டு உண்ணும் பேய்கள் அச்சத்திற்குரியன. அவையே தமிழின் மிகச் சிறந்த நகைச்சுவை மாந்தருமாவர். நொண்டிப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய், பார்ப்பனப்பேய், சமணப்பேய் என ஒவ்வொன்றும் உடற்குறையாலோ சமயக் கோலத்தாலோ வகைப்படுத்தப்படுகிறது. பேய்கள் அனைத்தும் தீராப் பசியின, காளியிடம் முறையிடுவன, இந்திரசாலம் கண்டு ஏமாறுவன. ஒரு பேயேனும் இன்ன ஊரில் இன்னவளாக வாழ்ந்து இறந்தவள் என்று சுட்டப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. வகை உண்டு, இறந்தவரின் பெயர் இல்லை. சயங்கொண்டார் நம்மைத் தடையின்றிச் சிரிக்கவைக்க இயல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

மறுபுறம் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகார் நகரத்துப் பார்ப்பன இளைஞன் சார்ங்கலன் சுடுகாட்டினுள் தனியே புகுகிறான். தலையொன்றைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். தாய் கோதமையிடம் ஓடி, கண்டதைச் சொல்லி உயிர்விடுகிறான். கண்டவர் தம் வாயால் கூறும் இத்தகைய அனுபவக் கதைக்கு ‘மெமொரேட்’ என்று 1934இல் பெயரிட்டார் சுவீடனின் வான் சிடோவ். அவ்வடிவம் தமிழ்க் காப்பியம் ஒன்றில் முழுமையாகவே கிடைக்கிறது: கண்டவன் யார், எங்கே கண்டான், யாரிடம் கூறினான், பின் என்னவாயிற்று. பேய்க்குப் பெயரில்லை. ஆனால் கண்டவனே இறந்தவனாகிவிடுவதால் அவன் பெயர் கதையில் நிலைத்துவிடுகிறது. தாயின் பெயரும் அவ்வாறே. இங்கு நகைக்கு வழியே இல்லை.

பழையனூர் நீலி இன்னொரு நிலை. கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் பேயாய் வந்து, கட்டையைக் குழவியாக்கி ஏந்தி நின்று முறையிடுகிறாள். அவள் சொல்லை நம்பி வணிகனின் உயிருக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர், வணிகன் இறந்தமை கண்டு வாக்குத் தவறாது உயிர்விடுகின்றனர். கொன்றவள், கொல்லப்பட்டவள் என்னும் இரண்டும் ஒரே பெயரில் தங்கிவிட்டன. சமணர் அப்பேயையே நீலகேசி என்னும் தருக்க நூலின் தலைவியாக்கினர். (பேய்க்குத் தருக்கம் கற்பித்து வாதப்போருக்கு அனுப்பிய இலக்கியம் வேறெங்கேனும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.) இன்று ‘நீலிக்கண்ணீர்’ என்று சொல்வோரில் பலருக்குப் பழையனூர் தெரியாது. அச்சம் போய்விட்டது, பெயர் மட்டும் எஞ்சிற்று. அப்பெயரும் கொல்லப்பட்டவளின் துயரத்தைச் சுட்டாமல் பொய்யழுகையைச் சுட்டுவதாகத் திரிந்தது என்பதை அகராதி ஆசிரியர்கள் கூடப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கதவில் எழுதப்பட்ட சொல்

1990களில் பெங்களூரிலும் கருநாடகத்தின் பிற பகுதிகளிலும் வீட்டுக் கதவுகளிலும் சுவர்களிலும் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தனர். ‘நாளை வா’ என்பது பொருள். இரவில் பெண் பேயொன்று தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டும். வீட்டார்க்கு அறிமுகமானவரின் குரலில் அழைக்கும். கதவைத் திறந்தவர் உயிர்பிழையார். கதவில் எழுதியிருப்பதைப் படித்தால் அது திரும்பிச் செல்லும். மறுநாள் வரும், மீண்டும் படிக்கும், மீண்டும் திரும்பும். இதுவே கதை. 2018இல் வெளிவந்த ‘ஸ்திரீ’ என்னும் இந்தித் திரைப்படம் இக்கருவை மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுசென்று அச்ச நகைச்சுவைப் படமாக்கியது.

அறிந்தவர் குரலில் இரவில் அழைக்கும் பேய் தமிழர்க்குப் புதிதன்று. இரவில் யாரேனும் பெயர்சொல்லி அழைத்தால் உடனே ‘உம்’ கொட்டாதே, மூன்றாம் முறை அழைத்தபின் குரல்கொடு என்று பாட்டிமார் சொல்லும் அறிவுரை தமிழகம் முழுவதும் உண்டு. பேயால் மூன்று முறை அழைக்க இயலாது என்பது அதன் உட்கிடை. ‘நாளே பா’வில் புதியது எழுத்து. இப்பேய் படிப்பறிவுடையது. வீட்டெண்ணும் அரசு விளம்பரமும் எழுதப்படும் அதே சுவரில் எழுதியதைப் படித்து அதற்குக் கட்டுப்படுகிறது. நகரமாகிவரும் ஊரில், அண்டை வீட்டாரின் குரலை நிச்சயமாக அறிய முடியாத தெருவில், வாய்மொழித் தடையினிடத்தை எழுத்துத் தடை பிடித்துக்கொள்கிறது. மும்மொழி புழங்கும் எல்லை வட்டாரத்தில் அப்பேய் எந்த மொழி படிக்கும், தமிழில் எழுதினால் செல்லுமா என்று கேட்பதற்குக் கூறல் நிகழ்வில் ஒருவரேனும் இருப்பார். அக்கேள்வி எழுந்தவுடன் அச்சம் நகையாகிவிடுகிறது.

நகை அவ்வழக்கின் உள்ளேயே பொதிந்துள்ளது என்பதே என் கருத்து. மடன் என்பதற்கு, கற்பித்ததைப் பற்றிக்கொண்டு பின் அதனை விடாமை என்று உரைமரபு பொருள்கூறும். நாள்தோறும் வந்து, நாள்தோறும் ஒரே சொல்லைப் படித்து, நாள்தோறும் நம்பித் திரும்பும் பேயினும் சிறந்த மடன் எது? அச்சத்திற்குக் களனாகிய அணங்கே நகைக்குக் களனாகிய மடனையும் உடையதாகிறது. கதவில் எழுதுபவர் ஒரே செயலில் அஞ்சவும் செய்கிறார், பேயை ஏய்க்கவும் செய்கிறார். மளிகைக் கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்னும் பலகையின் தருக்கமும் இதுவே. அங்கே கடன்கேட்பவர் இருக்கும் இடத்தில் இங்கே பேய் நிற்கிறது. இரண்டிலும் ‘நாளை’ என்பது காலப்பெயராக இல்லாமல் மறுப்புச் சொல்லாக நிற்கிறது. இவ்வொப்புமையைச் சுட்டிய உடனே சிரிக்காதவரை நான் கண்டதில்லை. சிரித்தபின் “இருந்தாலும் எழுதிவெச்சா என்ன கெட்டுப்போச்சு” என்பவரையும் கண்டிருக்கிறேன்.

‘நாளே பா’ கதையில் பேய்க்கும் பெயரில்லை, இறந்தவர்க்கும் பெயரில்லை. இறந்தவர் எப்போதும் அடுத்த தெருவிலேயே இறந்தார். வதந்திக்குரிய இவ்வெறுமையால்தான் அது மொழி எல்லைகளை எளிதாகக் கடந்தது; திரைப்படத்திற்குள்ளும் தடையின்றிப் புகுந்தது.

தெவ்வம், தெய்யம், தெய்வம்

எல்லை வட்டாரத்திற்கே உரிய சொல்லியல் சான்று ஒன்றும் உண்டு. கன்னடத்தில் ‘தெவ்வ’ என்றால் பேய். தெலுங்கில் ‘தெய்யம்’ என்றாலும் பேய். தெலுங்குச் சொல்லைச் சி. பி. பிரௌன் தம் அகராதியில் ‘தைவ’ என்னும் வடசொல்லின் திரிபாகக் காட்டுகிறார். தமிழிலோ அதனோடு உறவுடைய ‘தெய்வம்’ வழிபடப்படும் பொருளையே குறிக்கிறது. மலையாளத்துத் ‘தெய்யம்’ ஆடி வழிபடப்படும் தெய்வம். மும்மொழி பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில், ஒரு வீட்டில் கும்பிடும் சொல் மறுவீட்டில் குழந்தையை அச்சுறுத்தும் சொல்லாக ஒலிப்பது வேடிக்கையாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இது சொல்லளவில் நிற்பதும் அன்று. நடுகற்கள் மிகுந்த பகுதி இது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் தொகுதி முதலாகத் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கற்கள் பலவும் வெளிவந்துள்ளன. கால்நடை மீட்கும் பூசலிலோ ஊர்காக்கும் போரிலோ இறந்தவர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று வழிபடுவோர் அவ்வெழுத்தைப் படிப்பதில்லை; பல கற்கள் வேடியப்பன் என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. அகாலத்தில் இறந்தவர் கல்லில் பெயர்பெற்றபோது தெய்வமானார். பெயரும் கல்லும் பெறாதவர் பேயாகக் கதையில் நிற்கிறார். இது எல்லாவிடத்தும் பொருந்தும் விதி என்று கூறமாட்டேன். ஆனால் இவ்வட்டாரத்தில் பேய்க்கதை கேட்பவர் நடுகல்லை மறந்து ஆய்வு செய்வது அரைகுறையாகும்.

பெயர் யாருக்கு?

சாமல்பட்டி வட்டாரத்தில் நான் கேட்டுவரும் கூறல்களில் வேடிக்கைக் கதைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. புளியமரத்தடியில் வெள்ளையாக ஆடியது காயப்போட்ட வேட்டி. பின்தொடர்ந்து வந்த காலடி கழுதையுடையது. கழுத்தை நெரித்தது தன் துண்டே. பேய் இல்லை என்று நிறுவும் இவற்றைத் தேக்கும் வாசோனியும் மறுப்புக் கதைகளாகக் கொள்வர். இக்கதைகளில் பேய்க்குப் பெயர் இருக்காது. பயந்தவர்க்கு நிச்சயம் இருக்கும். அவர் பெரும்பாலும் அக்கூட்டத்திலேயே அமர்ந்திருப்பார். மாமன் முறை உடையவராக இருந்தால் கதை இன்னும் நீளும். மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளல் இங்கே முறைமாமன் உரிமையோடு இணைந்துகொள்கிறது.

அச்சக் கூறலில் இது தலைகீழாகிறது. கண்டவர் யார் என்பது தேய்ந்து, இறந்தவர் யார் என்பது முன்னே வருகிறது. தூக்கிட்டுக்கொண்ட பெண், பிள்ளைப்பேற்றில் இறந்தவள், கிணற்றில் விழுந்தவள் என்று கதை தொடங்கும்போது குரல் தாழும். பெயரைச் சொல்லாமல் “அந்த வீட்டுப் பொண்ணு” என்று கையைத் திசைகாட்டுவதும் உண்டு. ஏனெனில் அந்த வீட்டார் இன்னும் அதே தெருவில் வாழ்கின்றனர். குரல் தாழ்வதற்குப் பேய்மீதுள்ள அச்சம் மட்டுமே காரணமன்று. அந்த மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதை எல்லோரும் அறிவர். காவல் நிலையத்திலோ பஞ்சாயத்திலோ அது கூறப்படவில்லை. பேய்க்கதை என்னும் போர்வையில்தான் “அவளை என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா” என்னும் வாக்கியம் பொதுவெளியில் ஒலிக்க முடிகிறது. இவ்வகைக் கூறலை வெறும் மூடநம்பிக்கை என்று குறித்து நகர்ந்துவிடும் தொகுப்பாளர் ஒரு சாட்சியத்தைத் தவறவிடுகிறார்.

பேயோட்டும் சடங்கும் பெயரையே தேடுகிறது. “நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்தே?” என்பனவே கோடங்கியின் கேள்விகள். தென்னாற்காட்டுச் செஞ்சி வட்டாரத்தில் களப்பணி செய்த இசபெல் நபோகோவ், இளம் மனைவியரைப் பிடிக்கும் பேய்கள் பெரும்பாலும் மணமாகாமல் அகாலத்தில் இறந்த ஆண்களுடையவை என்றும், பேய் ஏறிய கூந்தற்கற்றையைப் புளியமரத்தில் அறைவதோடு சடங்கு முடிகிறது என்றும் பதிவு செய்துள்ளார் (1997, 2000). இது நம்மைச் சற்று நிறுத்த வேண்டும். சடங்கில் பேய் ஆண். வேடிக்கைக் கதையிலும் திரைப்படத்திலும் பேய் பெரும்பாலும் பெண். ‘சந்திரமுகி’ (2005), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) ஆகிய படங்கள் அச்சத்தையும் நகையையும் கலந்து பெருவெற்றி பெற்றன. அவற்றில் பேயின் துயரக்கதை இடைவேளைக்குப் பின் வரும். நகை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பெயர் தெரிந்தபின் சிரிப்பது கடினம் என்பதைத் திரைக்கதை ஆசிரியர்கள் நம்மினும் நன்கு அறிந்துள்ளனர்.

இரவுப்பணியின் பேய்

தொழிற்சாலை விடுதிகளில் கூறப்படும் கதைகள் இவ்வமைப்பை ஓரளவு குலைக்கின்றன. புதிதாக வந்து சேர்ந்தவரைப் பழையவர்கள் அச்சுறுத்திச் சிரிக்கும் சடங்காகவே அவை பெரும்பாலும் தொடங்குகின்றன. கோடிக் கழிவறை, பூட்டிய அறை, இரவு இரண்டு மணி ஆகியவற்றை அவற்றில் காணலாம். உறக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி அமரும் ‘அமுக்குவான் பேய்’ இங்கே மிகுதி. உறங்கும் நேரம் முறைதவறி மாறுவோர்க்கு உறக்க முடக்கம் நேர்வது மருத்துவம் அறிந்ததே. டேவிட் ஹஃப்போர்டு 1982இல் வெளியிட்ட நூல், இவ்வனுபவம் பண்பாட்டால் கற்பிக்கப்பட்டதன்று, உடல் உண்மையாகவே அனுபவிப்பது என்றும், அதற்குப் பெயரிடுவதே பண்பாடு என்றும் காட்டியது. மலேசியத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய ஐவா ஓங்கின் ஆய்வு (1987), பேய்பிடித்தலைத் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டிற்கு எதிரான மொழியாகக் கண்டது. ஓசூர் வட்டார விடுதிக் கதைகளை அவ்வளவு தூரம் எடுத்துச்செல்லச் சான்று போதாது. எதிர்ப்பைக் காட்டிலும் தனிமையே அவற்றில் மேலோங்கியிருக்கிறது.

ஆனால் ஒன்று தெளிவு. “யாருடைய பேய்?” என்று கேட்டால் ஊரில் விடை உண்டு, விடுதியில் “யாரோ முன்னாடி வேலைசெஞ்ச பொண்ணாம்” என்பதே விடை. அந்த ‘யாரோ’ சிரிப்பிற்கும் உரியதன்று, அச்சத்திற்கும் முழுமையாக உரியதன்று. பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து, சில ஆண்டுகளில் கலைந்துபோகும் கூட்டத்தில் ஒரு மரணத்தைப் பெயரோடு நினைவில் வைக்க யாரும் எஞ்சுவதில்லை. கதை மட்டும் அறை மாறி அறை செல்கிறது.

தொகுப்பாளர் கடமை

களப்பணியாளர் முன் இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. ஆய்வு நெறிப்படி இறந்தவரின் பெயரையும் வீட்டையும் நீக்கியே பனுவலை வெளியிட வேண்டும். அது சரியே, உயிரோடிருக்கும் குடும்பத்தார்க்கு நாம் தீங்கிழைக்கலாகாது. எனினும் பெயர் நீக்கப்பட்ட அச்சக் கதை, அச்சில் ‘ஒரு பெண் பேய்’ கதையாகிவிடுகிறது. அதாவது வேடிக்கைக் கதையின் வடிவத்தை அடைகிறது. சாட்சியத்தைத் துணுக்காக மாற்றும் வேலையைத் தொகுப்பாளரே செய்துவிடுகிறார்.

பெயரை வெளியிடாமலேயே, பெயர் சொல்லப்பட்டது என்பதைப் பதிவு செய்ய இயலும். கதையின் எவ்விடத்தில் பெயர் வந்தது, சொல்லும்போது குரல் தாழ்ந்ததா, கை எத்திசை நீண்டது, அப்போது கூட்டத்திலிருந்து எழுந்து சென்றவர் உண்டா, சிரித்தவர் யார், முதல் மறுப்பைச் சொன்னவர் யார் என்பனவற்றைப் பனுவலோடு சேர்த்தே குறிக்கலாம். பெயருக்குரிய இடத்தில் வெற்றிடம் விட்டு, ‘பெயர் கூறப்பட்டது’ என்று அடைப்புக்குறிக்குள் இடலாம். விடுதிக் கதைகளில் அதே இடத்தில் ‘பெயர் கூறப்படவில்லை, கேட்டும் அறியப்படவில்லை’ என்று எழுத வேண்டியிருக்கும்.